இடது பக்கம் சாயும் வண்டி

ஜூன் 8, ஞாயிறு

சம்பந்தியம்மா ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தார். பதினேழாவதில் மறுபடியும். அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். மலைமேல் எங்கள் ஊர் ரொட்டிக்கடை வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. என் மனைவி ருக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தாள். அதையும் எடுத்துவிட்டார்.

பொள்ளாச்சியில் டீச்சராக இருக்கும் மகள் கோகிலவாணிக்கு இது ஐந்தாவது மாதம். முதல் பிள்ளை. பலகாரம் எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் சொன்னதும், உங்கள் பழைய கார் மலைக்குத் தாங்காது, பஸ்ஸெல்லாம் வேண்டாம், என் டாக்ஸியிலேயே அழைத்து வருகிறேன் என்று பெரிய மனிதனாகப் போய் நின்றது நான்தான். வேண்டும் எனக்கு.

சாப்பிட்டானதும் சம்பந்தியம்மா ஆரம்பித்தார். "வண்டியா சம்பந்தி அது? ஊஞ்சத் தூரியாட்டம் ஆடுதுங்க. மாசமா இருக்கற புள்ளைய அதுல எப்படிக் கூட்டிட்டு வருவீங்க? வளைகாப்பு முடிஞ்சதும் அவ எங்கூட்டுலயே இருக்கட்டும். தலைப்பிரசவத்தப் பொள்ளாச்சிலயே பாத்துக்கலாம்."

ருக்கு எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். கோகிலாவுக்கென்று பின்னறைக்கு வெள்ளையடித்து, கொசுவலை வாங்கி, கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருக்கிறாள். ஒரே பெண். தலைப்பிரசவத்துக்குக்கூட தாய்வீட்டுக்கு வராவிட்டால் பின்னே எதற்கு வருவாள்?

கிளம்பும்போது மாப்பிள்ளை நவநீதன் என்னைத் தனியாக அழைத்தார். "மாமா, வண்டியப் பாருங்க. அம்மா ஒருதடவ வாந்தியெடுக்காம மேல வந்துட்டாப் போதும். மத்தத நான் பேசிக்கறேன்."

என் வண்டி ஆடுகிறதாம். இதே மலையில் எஸ்டேட் ஆம்புலன்ஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். பிரசவ வலியில் கத்திக்கொண்டு வந்தவர்கள்கூட பொன்னுரங்கம் ஓட்டுவது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனாலும் இறக்கத்தில் கவனித்தேன். ஆடத்தான் செய்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

பொள்ளாச்சியில் அன்வர் ஒர்க்‌ஷாப். வண்டியைக் கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அன்வர் முதலில் கை வைத்தது மேலே இருந்த கேரியரில்தான்.

"இத எதுக்குண்ணா தலைல சுமக்கறீங்க?"

கேரியரில் ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு, இரும்புப் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. திறந்தால் துருப்பிடித்த ஜாக்கி, யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, ஒரு உடைந்த குடை.

"வளைவுல திரும்பறப்ப எடையெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போயிருமுங்ணா. எடை எவ்வளவு உசரத்துல இருக்கோ அவ்வளவு சாயும். உங்க வண்டியே உசரம். அதுக்கு மேல நீங்க ஒரு மாடி கட்டி வச்சிருக்கீங்க."

கேரியரைக் கழற்றிப் போட்டோம். டயர்களில் காற்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சரி செய்தான். வரும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. இத்தனை வருஷமாக இந்த அறிவுகூட இல்லாமல் போயிற்றே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஜூன் 11, புதன்

மழை. சவாரி இல்லை. ஜலதோஷம் பிடித்து இடது காது அடைத்துக் கிடக்கிறது. ருக்கு மிளகு ரசம் வைத்தாள்.

ஜூன் 19, வியாழன்

நான்கு ஷாக் அப்சார்பரும் மாற்றியாயிற்று. பழையதில் பின்னால் இரண்டும் எண்ணெய் கசிந்து செத்துப் போயிருந்தன. அன்வர் ஒன்றைக் கையால் அமுக்கிக் காட்டினான். போனது திரும்பி வரவே இல்லை. ஸ்பிரிங்தான் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பிடித்து நிறுத்த ஆள் இல்லாவிட்டால் வளைவுக்கு வளைவு ஊஞ்சல்தான் என்றான். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஓட்டிக்கொண்டிருந்தேன். டாக்ஸிக்காரன் வண்டியைப் பார்ப்பதென்றால் டீசல் போடுவதும் கண்ணாடி துடைப்பதும் என்று ஆகிவிட்டது.

கோவைக்காரர்கள் ஒரு குடும்பம், மேலே வருகிறோம் என்று ஏறினார்கள். பின்னால் இருந்த பாட்டி வளைவு முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தார். அதுவே எனக்கு சர்ட்டிபிகேட்.

ஒன்று மட்டும். இடது பக்க முன்சக்கரத்திலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கிறது. பேரிங்காக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பேரிங் மாற்றினோம். "பழசு நல்லாத்தாண்ணா இருந்துச்சு" என்றான் அன்வர். நல்லா இருந்தால் ஏன் கத்துகிறது? புதுசும் கத்துகிறது. இப்போதெல்லாம் உருப்படியாக எந்த சாமானும் வருவதில்லை.

ஜூலை 2, புதன்

அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது போலிருக்கிறது. வீட்டில் படுத்துக் கிடக்கும்போதும் இடது காதிலேயே நிற்கிறது. ருக்குவிடம் சொன்னேன். "எனக்கு உங்க குறட்டைதான் கேக்குது" என்றாள்.

காலையில் பின்னறைக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். இடது தோள். போன வாரமும் அதே இடத்தில்தான். நிலை வைத்த ஆசாரி அளவெடுக்கும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தானோ.

"இருவது வருசமா அந்த நெலை அங்கதான் இருக்குது" என்றாள் ருக்கு.

அவளிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

ஜூலை 5, சனி

லிங்க் ராடு இரண்டு, ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்கள், லோயர் ஆர்ம் புஷ்கள். எல்லாம் புதுசு. இந்த ஸ்டெபிலைசர் பார் என்பது குறுக்கே போகும் ஒரு கம்பி. வளைவில் ஒரு பக்கச் சக்கரம் அமுங்கினால் மற்றதையும் சேர்த்து இழுத்து வண்டியை மட்டமாக வைக்கும். புஷ் தேய்ந்தால் கம்பி சும்மா தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கும், ஒரு வேலையும் செய்யாது. எங்கள் பழைய எஸ்டேட் சூப்பர்வைசர் மாதிரி.

அன்வர் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தான். "இப்ப ஓட்டிப் பாருங்ணா, ரோட்டப் புடிச்சுட்டு போகும்."

போனது. ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது ஸ்டீரிங் சொன்னபடி கேட்டது. வளைவில் திருப்பினால் உடனே திரும்புகிறது, முன்னே மாதிரி யோசித்துவிட்டுத் திரும்புவதில்லை. கோகிலாவுக்கு போன் போட்டு, "உங்க மாமியாகிட்டச் சொல்லு, வண்டி ரெடி" என்றேன். சிரித்தாள். "மெதுவாச் சொல்லுங்கப்பா, ஸ்பீக்கர்ல இருக்குது" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி சாய்கிறது.

ஜூலை 12, சனி

நேற்று எழுத முடியவில்லை, அவ்வளவு அசதி. அட்டகட்டி பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டியில் யாரும் இல்லை. திடீரென்று இடது பக்கம் முழுக்க இறங்கிவிட்டது. டயர் போய்விட்டது என்று நினைத்து ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் டயர் நன்றாக இருக்கிறது. ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கமாக வந்த பஸ் டிரைவர் நிறுத்தி, "என்னண்ணா, பஞ்சரா?" என்றான். ஆமாம் என்றேன்.

அது வளைவுகூட இல்லை. நேர்ரோடு. நேர்ரோட்டில் ஒரு வண்டி சாய்கிறதென்றால் அன்வர் ஏதோ ஒன்றை ஒழுங்காக முடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

அன்வர் எல்லாவற்றையும் திரும்ப முடுக்கிக் காட்டினான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்ததாம். நான் இருக்கும்போது அப்படித்தான் சொல்வான்.

ஜூலை 18, வெள்ளி

டூரிஸ்ட் பையன்கள் நான்கு பேர், பாட்டு வைக்கச் சொல்லி உயிரை எடுத்தார்கள். நல்லமுடி போய்விட்டு வரும் வழியில் நான் வண்டியை நிறுத்தி இறங்கி வாந்தி எடுத்தேன். பையன்கள் பாட்டை நிறுத்தினார்கள். பயணிதான் வாந்தி எடுப்பான், டிரைவர் எடுத்து அவர்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது. காலையில் தின்ற போண்டா சரியில்லை. எண்ணெய் பழைய எண்ணெய்.

ருக்குவிடம் சொல்லவில்லை. அவள் போண்டாவை நம்ப மாட்டாள்.

ஜூலை 23, புதன்

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி ஒல்லி. அதைத் தடிமனாகப் போட்டால் வண்டி சாயவே சாயாது. அன்வர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணா, சொன்னாக் கேளுங்க. பின்னாடி ரொம்ப விறைப்பாப் போட்டா மழைல வாலத் தூக்கும். சாயறதுங்கறது ஒரேயடியாக் கெட்டது இல்ல. சாஞ்சு குடுத்தாத்தான் டயரு ரோட்ட விடாம நிக்கும்."

"ஓட்டறவன் நானா நீயா?"

"நீங்கதாண்ணா."

"அப்பப் போடு."

பழைய இரும்புக் கடையில் வேறொரு வண்டியின் கம்பியைத் தேடிப் பிடித்து, பொருத்துவதற்கு வெல்டிங் வைத்து, மாட்டிக் கொடுத்தான். முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு வேலை செய்தான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள், ஆவணியில். எனக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

ஜூலை 30, புதன்

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

ருக்குவோடு பொள்ளாச்சி போய் கோகிலாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். சம்பந்தி வீட்டில் கொடுத்த ரசம் தூக்குப்போசியில், ருக்கு மடியில். வாட்டர்பால்ஸ் எஸ்டேட் தாண்டினதும் மழை பிடித்தது. வண்டி இடது பக்கம் படுத்தது. நான் வலது பக்கம் ஒடித்தேன். பின்பக்கம் தூக்கி வெளியே வீசிவிட்டது. ரோட்டில் குறுக்கே திரும்பி, தேயிலைப் பக்கத்துக் கட்டைச் சுவரில் பின் பம்பர் இடித்து நின்றோம். எதிரே ஒன்றும் வரவில்லை. மறுபக்கம் பள்ளம்.

ருக்கு கத்தவில்லை. போசியின் மூடியை அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கம்பிதான்" என்றேன். "அன்வரு சொன்னான். விறைப்பாப் போட்டது தப்பு."

"ஏனுங்க, வளைவே இல்லீங்களே. ரோடு நேராத்தான் போச்சு. நீங்கதான் வெட்டுனீங்க."

"வண்டி சாஞ்சுது."

"சாயல. என்ற மடில ரசம் இருந்துச்சு. நீங்க வெட்டற வரைக்கும் அலுங்கல."

வாயை மூடு என்றேன். அப்படி நான் அவளிடம் பேசுவதில்லை. வீடு வரும்வரைக்கும் அவள் மூடிக்கொண்டுதான் வந்தாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அன்வர் தடிமன் கம்பியைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினான். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் இரண்டு சத்தம் போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பிறகு தானே ஓட்டிக்கொண்டு ஆழியாறு வரைக்கும் போய் வந்தான். நான் பக்கத்தில்.

"வண்டில இனிப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்ணா. புது வண்டிகூட இப்படி நிக்காது."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்டா சாயுது?"

அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். உடுமலையில் ஒருத்தன் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்திக் கொடுக்கிறானாம், அங்கே போகிறேன் என்றேன். "போகாதீங்ணா" என்று மட்டும் சொன்னான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ருக்கு ஆரம்பித்துவிட்டாள். "காதுல கத்துதுன்னீங்க. நெலைல இடிச்சுக்கறீங்க. நேத்து மாடிப்படி எறங்கறப்ப செவத்தப் புடிச்சுட்டு எறங்குனீங்க. ஒரு காது டாக்டரப் பாத்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

டாக்டர் என்றால் சீட்டு எழுதுவார். வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்வார். ஆம்புலன்ஸில் எத்தனை டாக்டர்களைச் சுமந்திருக்கிறேன், அவர்கள் பேசுவது எனக்குத் தெரியும். ஆவணி முடியட்டும். பெண்ணைக் கொண்டுவந்து இந்த வீட்டில் சேர்த்த பிறகு யார் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சளி என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நல்ல நாள். ஒன்றுமே சாயவில்லை. சோலையாறு வரைக்கும் போய் வந்தேன். நான் வீணாகப் பயந்துகொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மத்தியானம் ஷெட்டில் வண்டியைத் துடைத்துவிட்டு, சும்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் போடவில்லை. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. சக்கரத்துக்குக் கல்லும் வைத்திருந்தேன்.

சாய்ந்தது.

ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஷெட்டின் தகரம், எதிர்ச் சுவர், ருக்கு காயப்போட்டிருந்த துணி, எல்லாம் இடது பக்கமாக ஓடின. நான் பிரேக்கை மிதித்தேன். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

மழையில் செம்மண் இறங்கியிருக்கும். ஷெட்டுக்கு சிமெண்ட் தரை போடவேண்டும் என்று எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். தரை மட்டமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று சம்பந்தியம்மாவின் பரீட்சை. ஆவணி முதல் நாள், நல்ல நாள் என்று அவரே போன் செய்து வரச்சொன்னார். விடிந்ததிலிருந்து தலை தெளிவாக இருந்தது. டீகூடக் குடிக்கவில்லை. மருந்துக்கடையில் தலைசுற்றலுக்கு என்று ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். போட்டால் தூக்கம் வரும் என்று சொன்னான். பரவாயில்லை என்றேன்.

முன்சீட்டில் சம்பந்தியம்மா, கையில் ஒரு பிளாஸ்டிக் பை தயாராக. பின்னால் மாப்பிள்ளை. ஒன்பதாவது வளைவு வந்தபோது அவர் பையை விரித்துப் பிடித்தார். ஒன்றும் இல்லை. பதினேழு. ஒன்றும் இல்லை. பாதி மலையில் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வரையாட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். குழந்தை மாதிரி சிரித்தார்.

வீட்டில் இறங்கியதும், "இதுதானுங் வண்டி! ஆடவே இல்லையே. அன்னைக்கு நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார். ருக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வளைகாப்பு முடிந்த கையோடு கோகிலா இங்கே வருகிறாள். அவளைப் பார்க்கும் டாக்டரம்மாவும் மெதுவாகப் போனால் போகலாம் என்றுவிட்டாராம். எல்லாம் பேசி முடிந்தது.

நான் கிணற்றடிப் பக்கம் போய்க் குனிந்து நின்றேன். முப்பதாவது வளைவிலிருந்தே வாயில் உமிழ்நீரை விழுங்கிக்கொண்டு வந்தேன். எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சிரித்தபடி உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சவாரிகளை எல்லாம் வேறு வண்டிக்குத் தள்ளிவிட்டேன். முதுகுவலி என்று ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதுகுவலி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கோகிலா போன் செய்தாள். மூச்சு வாங்குகிறதாம், கால் வீங்குகிறதாம், புளிச்ச கீரை கடைந்து வைக்கச் சொன்னாள். "அப்பா, பின்னாடி சீட்டுல நல்லா காலை நீட்டிட்டு வரப்போறேன். அத்தை உங்க வண்டியப் பத்தித் தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க" என்றாள்.

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ருக்கு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "வேற வண்டி சொல்லலாமுங்க" என்றாள். வேறு வண்டி என்றால் சம்பந்தியம்மா ஏன் என்று கேட்பார். காரணம் சொன்னால் பெண்ணை அனுப்பமாட்டார். இந்த மலையில் அவர் நம்புவது இந்த ஒரு வண்டியைத்தான். அதை நம்ப வைத்தவனும் நான்தான்.

பயமாக இருக்கிறது. இதை எழுதத்தான் வேண்டும், வேறு எங்கே சொல்வது?

ஆகஸ்ட் 30, சனி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. கோகிலா இரண்டு கை நிறைய வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு, மூக்கு வியர்த்து உட்கார்ந்திருந்தாள். ஏழு வகைச் சோறு. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மத்தியானம் நல்ல நேரம் பார்த்து வழியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு மில்லில் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். சம்பந்தியம்மா ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் தோளைத் தட்டினார். "உங்களை நம்பித்தானுங் அனுப்பறேன்" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பின்சீட்டில் கோகிலாவும் ருக்குவும். ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும்போது தலை தெளிவாகத்தான் இருந்தது. முடியும், போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆழியாறு நெருங்கும்போது இடது காது அடைத்தது. பிறகு அந்த ரீங்காரம். எதிரே வந்த தேங்காய் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனான். அப்போதுதான் நான் ரோட்டின் வலது பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பின்னால் கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ருக்குவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்போஸ்ட் தாண்டினால் மலை. முதல் வளைவுக்கு முன்னால் ஓரமாக ஒரு புளியமரம். அங்கே நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றேன். மரம் ஓடியது, ரோடு ஓடியது, மலை மொத்தமும் இடது பக்கம் ஓடியது.

கோகிலா விழித்துக்கொண்டாள். "என்னங்கப்பா? வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல கண்ணு."

"அப்புறம்?"

"எனக்குத்தான். தல சுத்துது. ரொம்ப நாளா. என்னால உங்களக் கூட்டிட்டு ஏற முடியாது."

சொல்லிவிட்டேன். சொன்னதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ருக்கு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். தெரியும் என்றோ, சொன்னேனே என்றோ அவளும் சொல்லவில்லை. இத்தனை மாதம் அவளைப் படுத்தியதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"மாப்பிள்ளைக்கு போன் போடு கண்ணு" என்றேன். "வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். நாங்க பஸ்ஸுல போயிக்கறோம்."

"போன் போட்டா அத்தை என்னைத் திரும்ப அனுப்புவாங்களாப்பா?"

"மாட்டாங்க."

கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். என் எதிரே வந்து கையை நீட்டினாள், வளையல்களெல்லாம் முழங்கை வரைக்கும் சரிந்தன.

"சாவியக் குடுங்க."

"பைத்தியமா உனக்கு? ஏழு மாசம்!"

"போன வாரம் வரைக்கும் நாந்தான் ஸ்கூலுக்குக் கார் ஓட்டிட்டுப் போனேன். இந்த மலைல லைசென்ஸ் எடுத்தவதான நானு? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? வழில எனக்கு ஏதாச்சும் பண்ணுனா நானும் உங்களாட்டம் ஓரமா நிறுத்திருவேன். எந்திரிங்க."

ருக்குவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "எந்திரிங்க" என்றாள் அவளும்.

சீட்டைப் பின்னால் தள்ளிப்போட்டு, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்து மாட்டி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். பின்சீட்டில் ருக்கு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருஷமாக ஓட்டுகிறேன், இந்த மலையில் என் வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.

மெதுவாக ஏறினாள். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி வழிவிட்டாள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் தொடாமல், அகலமாக எடுத்துத் திருப்பினாள். வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. அன்வரின் வேலை அப்படி. ருக்கு மடியில் இருந்த பழத்தட்டு நகரவில்லை.

எனக்கு மட்டும் எல்லாம் கவிழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் அதைப் பார்த்திருக்கவேண்டும்.

"அப்பா, சாயுதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சாயுது கண்ணு" என்றேன். "வண்டி சாயல. நீ ஓட்டு."